முந்திரிப்பழமும் ஜின்னும்

ஜின்னில் பழச்சாறு கலந்து வீட்டிலேயே ஒரு நல்ல பானம் செய்ய, முதலில் தேட வேண்டியது பழம். எந்த பாட்டில் என்ற யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான். கடலூர் மாவட்டத்துக் கருவேப்பிலங்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் பங்குனி, சித்திரை மாதங்களில் அந்தப் பழம் விலையில்லாமல் தரையில் கிடக்கிறது. விருத்தாசலம், முதனை, பண்ருட்டி வட்டாரத்துச் செம்மண் மேடுகளிலும், வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் வரையிலும் முந்திரித் தோப்புகள்தான். மரத்தை வளர்ப்பது கொட்டைக்காக. பழம் கொட்டையைப் போல எட்டு முதல் பத்து மடங்கு எடை இருக்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவது இங்கே வழக்கம். ஆடுமாடு தின்றது போக மீதி அங்கேயே அழுகுகிறது. வட்டாரத்தில் விளைவதிலேயே ஜின்னுக்கு மிகப் பொருத்தமான பழம் இதுதான் என்பதால், இப்படி வீணாவது பெரிய இழப்பு.

பிரேசிலிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மரம் முந்திரி. கோவாக்காரர்கள் அதன் பழத்தை வீணாக்கவில்லை. அங்கே பழத்தைக் காலால் மிதித்துச் சாறெடுத்து, புளிக்கவைத்து, காய்ச்சி வடிக்கிறார்கள். முதல் வடிப்பு உர்ராக். மறுபடி வடித்தால் ஃபெனி. கோவா முந்திரி ஃபெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உர்ராக்கை அங்கே எலுமிச்சை சோடா, உப்பு, கீறிய பச்சை மிளகாய் சேர்த்துக் குடிக்கிறார்கள். முந்திரியின் வாசனைக்கு உப்பும் உறைப்பும் எவ்வளவு தேவை என்பதை அந்தக் கலவையிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். நம் ஊர் தோப்புகளில் பிள்ளைகள் பழத்தில் உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்பதும் இதே காரணத்தால்தான்.

கோவாவில் நடப்பதை இங்கே வீட்டில் செய்ய முடியாது. சாற்றைப் புளிக்கவைத்துச் சாராயம் ஆக்குவது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆகவே தமிழ்நாட்டில் இந்தப் பானத்தைச் செய்ய ஒரே வழி, சாற்றைப் புளிக்க விடாமல் பழச்சாறாகவே வைத்திருந்து, கடையில் முத்திரையோடு வாங்கிய ஜின்னைக் குடிக்கும் நேரத்தில் சேர்ப்பது. சுவைக்கும் அதுதான் நல்லது. புளித்த சாற்றில் பழ வாசனையில் பாதி போய்விடும்.

ஜின் என்பது நிறமோ மணமோ இல்லாத சாராயத்தில் ஜூனிபர் என்னும் ஊசியிலைச் செடியின் காயை ஊறவைத்து மறுபடி வடித்தது. ஹாலந்துக்காரர்களின் ஜெனீவர் இங்கிலாந்துக்குப் போய் ஜின் ஆயிற்று. ஜூனிபருக்கு அடுத்தபடியாக அதில் முக்கியமான சரக்கு கொத்தமல்லி விதை. பிறகு எலுமிச்சைத் தோல், ஆரஞ்சுத் தோல், சில வேர்கள். இந்தப் பட்டியலைப் பார்த்தாலே ஜின் நம் அடுப்படிக்கு அந்நியமில்லை என்று தெரியும். விஸ்கியிலும் ரம்மிலும் மரப்பீப்பாயின் வாடையும் கருகிய சர்க்கரையின் வாடையும் பழத்தை அமுக்கிவிடும். வோட்காவுக்கென்று ஒரு வாசனை கிடையாது. ஜின் மட்டுமே பழத்துக்கு இடம் கொடுத்துக்கொண்டு தானும் தெரியும்.

டாஸ்மாக் கடையில் ஜின் கேட்பவர்கள் குறைவு என்பதால் எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்காது. விருத்தாசலம் டவுனுக்குப் போய்த்தான் வாங்க வேண்டியிருக்கும். ப்ளூ ரிபாண்ட் போன்ற பழைய இந்திய ஜின்னே இந்தப் பானத்துக்குப் போதும். கோவாவில் வடிக்கப்படும் ஹபுசாவும் ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸும் அருமையான ஜின்கள்தான். ஆனால் முந்திரிப்பழம் போல அழுத்தமான வாசனையுள்ள பழத்தோடு கலக்கும்போது அவற்றின் நுணுக்கம் தெரியாமல் போகும். அவற்றைச் சோடாவோடு மட்டும் குடிப்பதே அவற்றுக்கு மரியாதை. ஆரஞ்சு, எலுமிச்சை என்று வாசனை ஏற்றிய ஜின்னை வாங்கவே கூடாது. அந்த வாசனை பழத்தோடு சண்டை போடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. முத்திரை உடைந்த பாட்டில், தெரிந்தவர் மூலம் வந்த சரக்கு, பாக்கெட்டில் வருவது எதையும் இதில் சேர்க்கக் கூடாது. 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணத்திலும் அதே கொடுமை நடந்தது. மெத்தனாலை மணத்திலோ சுவையிலோ கண்டுபிடிக்க முடியாது. எவ்வளவு பழச்சாறு ஊற்றினாலும் அதன் விஷம் குறையாது.

இனி பழம். முந்திரிப்பழம் விழுந்த அன்றே கெட்டுப்போகத் தொடங்கும். கோடை வெயிலில் மதியத்துக்குள் தோல் கசிந்து ஈ மொய்க்கும். விடிந்ததும் போய், இரவில் விழுந்த பழத்தை எடுக்க வேண்டும். மஞ்சள், சிவப்பு இரண்டும் உதவும். மஞ்சளில் வாசனை தூக்கலாக இருக்கும். சிவப்பைச் சேர்த்தால் நிறம் அழகாக வரும். விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த வி.ஆர்.ஐ. ஒட்டுரகங்கள் பல தோப்புகளில் நிற்கின்றன. ஆனால் சாற்றுக்கு ரகத்தைவிடப் பழம் கனிந்திருப்பதுதான் முக்கியம். காம்புப் பக்கம் விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். தோலில் கீறலோ கறுப்புப் புள்ளியோ இருக்கக் கூடாது. தேனும் பச்சை இலையும் சேர்ந்தாற்போன்ற ஒரு மணம் மூக்கில் ஏறினால் அது சரியான பழம்.

கொட்டையைத் திருகி எடுக்கும்போது கவனம் தேவை. கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் பால் தோலில் பட்டால் கொப்புளம் வரும். திருகிய இடத்தில் பழத்தை அரை விரல்கடை வெட்டித் தள்ளிவிடுவதே பாதுகாப்பு. பழச்சாறு துணியில் பட்டால் கறை போகவே போகாது. கைலியோ பழைய துண்டோ கட்டிக்கொண்டு உட்கார்வதுதான் தோப்புக்காரர் வழக்கம்.

பழத்தை உப்புத் தண்ணீரில் அலசி, நாலாக நறுக்கி, வெள்ளைத் துணியில் கட்டிக் கையால் பிழிய வேண்டும். ஒரு கிலோ பழத்தில் அரை லிட்டருக்கு மேல் சாறு வரும். மிக்ஸியில் அடித்தால் நாரும் தோலும் கரைந்து காறல் இரட்டிப்பாகும். இரும்பு அரிவாள்மணை, இரும்புச் சட்டி இரண்டும் கிட்டேயே வரக் கூடாது. பழத்தில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் இரும்போடு சேர்ந்து சாற்றைக் கறுக்க வைத்துவிடும். எவர்சில்வர் கத்தியும் பீங்கான் பாத்திரமும் போதும்.

பீங்கானுக்கு இந்த வட்டாரத்தில் குறைவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் அதற்கென்றே ஒரு தொழில்நுட்பப் பயிலகமும் உள்ளன. பொம்மையும் மின்சார ஃபியூஸ் கட்டையும் செய்யும் ஊரில் ஊறுகாய் ஜாடி வாங்குவது எளிது. ஆனால் புளிப்பான சாறு ஊற்றும் ஜாடியைப் பார்த்து வாங்க வேண்டும். உள்பூச்சு முழுதாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். பளிச்சென்று வண்ணம் தீட்டிய அலங்கார ஜாடி உணவுக்கானது அல்ல. அதன் பூச்சில் ஈயம் இருந்தால் புளிப்பு அதைக் கரைத்து இழுக்கும். ஜாடி நிறையத் தண்ணீர் ஊற்றி, உலர்ந்த காகிதத்தின் மேல் ஒரு ராத்திரி வைத்துப் பார்க்கலாம். பூச்சு இல்லாத அடிப்பகுதி காலையில் ஈரமாக இருந்து காகிதம் நனைந்திருந்தால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஜாடியை அரிசி போட்டு வைக்கத்தான் பயன்படுத்த வேண்டும்.

பிழிந்த சாற்றை அப்படியே குடித்தால் தொண்டையைப் பிடிக்கும். இந்தக் காறலுக்குப் பயந்துதான் பலர் முந்திரிப்பழத்தை ஒதுக்குகிறார்கள். காறலை எடுக்க ஜவ்வரிசி உதவும். ஒரு லிட்டர் சாற்றுக்கு 5 கிராம் ஜவ்வரிசி என்பது கணக்கு. அதைப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, சாற்றில் ஊற்றிக் கலக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மாவுச்சத்து டானினைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். முதல் ஒரு மணி நேரத்தில் சாறு மோர் போலக் கலங்கி நிற்கும். பிறகு மேலிருந்து ஒரு விரல், இரண்டு விரல் என்று தெளிந்து, அடியில் வெண்மஞ்சள் வண்டல் படியும். 12 மணி நேரம் விட்டால் வெளிறிய பொன்னிறத்தில் தெளிந்த சாறு கிடைக்கும். ஜவ்வரிசி இல்லாத வீட்டில் கெட்டியான சோற்றுக் கஞ்சியும் அதே வேலையைச் செய்யும். கஞ்சி வாடை கொஞ்சம் தங்கும் என்பது மட்டுமே குறை.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சாற்றுக்கு இந்த அளவு சரி. ஜின்னுக்கு இது அதிகம். காறல் முழுவதும் போன சாறு வெறும் சர்க்கரைத் தண்ணீராக நிற்கும். அதில் ஜின்னை ஊற்றினால் சாராயத்தின் காரம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். நாக்கை லேசாக இழுக்கும் துவர்ப்புதான் ஜூனிபரின் பிசின் வாசனையைப் பிடித்து நிறுத்துகிறது. ஆகவே லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் ஜவ்வரிசி, 4 மணி நேரம், அவ்வளவே போதும். நடுவில் ஒரு தேக்கரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். காறல் தொண்டையை விட்டு இறங்கி நாக்கின் ஓரத்தில் மட்டும் தங்கும்போது சாற்றை வண்டல் கலங்காமல் இறுத்துக்கொள்வதுதான் பக்குவம். இந்தப் பானம் செய்வதில் கைப்பழக்கம் என்று ஏதாவது இருந்தால் அது இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அளவுக் குவளையின் வேலை.

இறுத்த சாற்றை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். வெளியே வைத்தால் சில மணி நேரத்திலேயே நுரை கட்டும். நுரை கட்டியதைக் கொட்டிவிட வேண்டும்.

ஜூனிபரின் வாசனைக்குக் காரணமான பொருள்களில் ஒன்று ஆல்ஃபா-பினீன். பைன் மரத்தின் வாசனையும் அதுதான். கறிவேப்பிலையிலும் அது இருக்கிறது. ஜின்னும் கறிவேப்பிலையும் ஒன்றோடொன்று இயல்பாகப் பொருந்துவதன் ரகசியம் இதுவே. ஒரு இணுக்குக் கறிவேப்பிலையை உள்ளங்கையில் வைத்து மறு கையால் ஒரு தட்டுத் தட்டி, தேவையான ஜின்னில் போட்டு அரை மணி நேரம் மூடி வைத்தால் போதும். அதற்கு மேல் ஊறினால் பச்சைக் கசப்பு இறங்கும். கசக்கினாலோ நறுக்கினாலோ அதைவிட மோசம். கொல்லைச் செடியில் காலையில் பறித்த இளம் இலை உத்தமம். கடையில் வாங்கும் இலையில் மருந்து வாடை இருந்தால் எவ்வளவு கழுவினாலும் சாராயம் அதை வெளியே கொண்டுவந்துவிடும்.

பாகுக்கு வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு. கொதிக்கவிட வேண்டியதில்லை, கரைந்தால் போதும். பெண்ணாடம் பக்கம் கரும்பு விளையும் மண் என்பதால் நல்ல வெல்லம் கிடைக்கும், அதைப் போடலாமே என்று தோன்றும். வெல்லமும் கருப்பட்டியும் முந்திரியின் மெல்லிய வாசனையை மூடிவிடும். இங்கே வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்று இல்லை.

ஐஸைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் செய்ய வேண்டும். ஃப்ரிட்ஜின் சின்னத் தட்டுகளில் உறையும் துண்டுகள் சீக்கிரம் கரைந்து பானத்தை நீர்க்கச் செய்துவிடும். சின்ன டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி உறையவைத்தால் பெரிய கட்டியாக வரும், நின்று கரையும். மீன் கடையில் உடைத்துத் தரும் பார் ஐஸ் குடிப்பதற்கானது அல்ல.

ஒரு கிளாஸுக்கு அளவு: கறிவேப்பிலை ஊறிய ஜின் 45 மில்லி, முந்திரிச் சாறு 75 மில்லி, எலுமிச்சைச் சாறு 10 மில்லி, பாகு 10 மில்லி, இரண்டு விரலில் எடுத்த உப்பு. இவற்றை வாய் அகன்ற, திருகு மூடி போட்ட எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி, முக்கால் பங்கு ஐஸ் போட்டு, மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்குவது கலப்பதற்கு மட்டுமல்ல, குளிர வைக்கவும், கரையும் ஐஸால் சாராயத்தின் முனையை மழுக்கவும்தான். பத்து, பன்னிரண்டு நொடியில் பாட்டிலின் வெளிப்பக்கம் வியர்த்து, பிறகு வெண்மையாகப் பனி பூக்கும். விரல் ஒட்டத் தொடங்கும்போது நிறுத்திவிடலாம். புதிய பெரிய ஐஸ் கட்டி போட்ட கிளாஸில் வடிகட்டி, மேலே 60 மில்லி சோடா ஊற்ற வேண்டும். சோடாவை ஒருபோதும் குலுக்கும் பாட்டிலில் ஊற்றக் கூடாது. மூடி தெறித்துவிடும்.

சாதா கோலி சோடா இதற்கு நன்றாக இருக்கும். பன்னீர் சோடா வேண்டாம், ரோஜா வாசனை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஜின் என்றால் கொய்னா கலந்த டானிக் தண்ணீர்தான் என்ற பழக்கம் வெள்ளைக்கார அதிகாரிகள் காலத்தில் வந்தது. மலேரியாவுக்குச் சாப்பிட்ட கொய்னாவின் கசப்பைத் தணிக்க அவர்கள் அதில் சர்க்கரையும் எலுமிச்சையும் ஜின்னும் சேர்த்தார்கள். அந்தக் கொய்னாவுக்காக நீலகிரியில் நடுவட்டத்தில் சிங்கோனா தோட்டமே போட்டார்கள். முந்திரிச் சாற்றின் துவர்ப்போடு கொய்னாக் கசப்பும் சேர்ந்தால் நாக்குத் தாங்காது. டானிக்கை வேறு பழத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் மடக்கில் குறை தெரிந்தால் சரிசெய்யும் முறை இது. காறல் மிஞ்சினால் இன்னும் ஒரு சிட்டிகை உப்பு. உப்பு கசப்பையும் துவர்ப்பையும் அடக்கும். சர்க்கரையைக் கூட்டினால் திகட்டலும் காறலும் இரண்டுமே நிற்கும். சப்பென்று இருந்தால் எலுமிச்சை ஐந்து சொட்டு. சாராயம் முன்னால் வந்தால் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் போதும், ஐஸ் கரைந்து தானே அடங்கும். உறைப்பு பிடித்தவர்கள் கோவா முறையில் ஒரு பச்சை மிளகாயைக் கீறி, விதை நீக்கி, கிளாஸில் நிறுத்தலாம்.

அளவுக் குவளையை ஒதுக்கிவிட்டுக் கண்ணளவில் ஊற்றுவது இந்த வேலையில் பெரிய தவறு. இந்தியாவில் விற்கும் ஜின்னில் வழக்கமாக 42.8 சதவீதம் சாராயம் உண்டு. 30 மில்லி ஊற்றினாலே சுமார் 10 கிராம் சாராயம் உள்ளே போகிறது. மேலே சொன்ன 45 மில்லியில் 15 கிராம். பழமும் சோடாவும் சேர்ந்த பானம் தாகம் தீர்ப்பது போல இறங்குவதால் எத்தனை குடித்தோம் என்பது தெரியாது. பாட்டில் நிறையக் கலந்து வைத்து ஊற்றி ஊற்றிக் குடிப்பதைவிட, ஒவ்வொரு கிளாஸாகக் கலப்பதே நல்லது. சாப்பிட்டு முடித்தபின் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வண்டி எடுக்கிறவருக்கு அதுவும் கூடாது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது இல்லை.

குடிக்காதவருக்கும் இதே கிளாஸை வைக்க முடியும். ஒரு தேக்கரண்டி கொத்தமல்லி விதையை வெறும் சட்டியில் லேசாக வறுத்து, ஒன்றிரண்டாக இடித்து, அரை டம்ளர் வெந்நீரில் ஒரு இணுக்குக் கறிவேப்பிலையோடும் எலுமிச்சைத் தோல் ஒரு சுருளோடும் போட்டு மூடி, ஆறியதும் வடிகட்டினால் ஜின்னின் வாசனையில் பாதி அதிலேயே வந்துவிடும். 45 மில்லி ஜின்னுக்குப் பதில் அதே அளவு இந்தத் தண்ணீர். மற்ற அளவுகளில் மாற்றமில்லை. விருந்தில் இதை முதலில் கலந்து கொடுத்துவிட்டுப் பிறகு ஜின் பாட்டிலைத் திறப்பது பழகிக்கொள்ள வேண்டிய பண்பு.

முந்திரி வைகாசியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தெளிந்த சாற்றின் எடைக்குச் சமமாகச் சர்க்கரையைச் சேர்த்து, கரையும் வரை மட்டும் சூடாக்கி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, கொதிநீரில் கழுவிய கண்ணாடி பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். சில வாரம் தாங்கும். அதில் செய்யும்போது பாகே வேண்டாம், எலுமிச்சையை இரட்டிப்பாக்க வேண்டும். ஆனால் பச்சைச் சாற்றின் வாசனை இதில் வராது. சூடு பட்டால் அந்தத் தேன் மணம் போய் வேகவைத்த பழத்தின் வாசனை வந்துவிடும். ஆனியில் நாவல் வந்துவிடுவதால் அடைத்து வைத்த சாற்றைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. நாவலுக்கும் துவர்ப்பு உண்டு, ஜவ்வரிசி தேவையில்லை, எலுமிச்சை பட்டதும் ஊதா நிறம் இளஞ்சிவப்பாகத் தெளியும். நுங்கும் மாம்பழமும் அழகாகத் தெரிந்தாலும் துவர்ப்பு இல்லாததால் ஜின்னோடு தளர்ந்துபோகும். பண்ருட்டிப் பலாவின் மணம் ஜின்னை முழுவதும் மறைத்துவிடும். அதைத் தனியாகச் சாப்பிடுவதே சரி.

பழம் வேண்டுவோர் தோப்புக்காரரிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரி மரங்களை வேரோடு சாய்த்த பிறகு, மறுபடி நட்டு வளர்த்த தோப்புகள் இவற்றில் பல. பழத்தை யாரும் மறுக்க மாட்டார்கள். கொட்டையைத் திருகி, பழம் எடுத்த மரத்தடியிலேயே குவித்து வைத்துவிட்டு வர வேண்டும். அவர்கள் வருமானம் அதுதான்.